முதலை உண்மையிலேயே அழுகிறதா?

ஒருவரின் துக்கத்தை நம்ப முடியாதபோது, "முதலைக் கண்ணீர் வடிக்கிறார்" என்கிறோம். ஆங்கிலத்தின் 'குரோக்கடைல் டியர்ஸ்' என்ற தொடருக்கும் இதே பொருள்தான். இரையைத் தின்றுகொண்டே முதலை அழும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. 1400 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த, ஜான் மாண்டவில் பெயரிலான பயண நூல் அதைப் பரவலாக்கியது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவும் மனைவி டெஸ்டிமோனாவின் கண்ணீரை முதலையோடு சேர்த்துத்தான் பழிக்கிறான். அவளோ குற்றமற்றவள், அவள் அழுகை உண்மையானது.

சரி, முதலை அழுமா?

அதற்கும் கண்ணீர்ச் சுரப்பிகள் உண்டு. கண்ணின் குறுக்கே ஓடும் 'மூன்றாம் இமை' வழுக்கிச் செல்ல அந்த ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீரில் கிடக்கும் பிராணியின் கண்ணீரை யார் பார்ப்பது? நரம்பியல் மருத்துவர் மால்கம் ஷேனரும் விலங்கியலாளர் கென்ட் விலீட்டும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஒரு முதலைப் பண்ணையில், முதலைக்கு நெருங்கிய உறவான அலிகேட்டர், கெய்மன் இனங்களைக் கரையில் வைத்து உணவூட்டிப் படம் பிடித்தார்கள். ஏழில் ஐந்துக்குக் கண் கசிந்தது. சிலவற்றின் கண்ணோரம் நுரை பொங்கியது. முடிவுகள் 2007இல் வெளிவந்தன. தின்னும்போது இவை சீறிக்கொண்டு மூச்சு விடும். அந்தக் காற்று தலையின் உட்குழிகள் வழியே ஏறிக் கண்ணீரை வெளியே தள்ளியிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். கடலாமையைப் போல் முதலையும் உப்பைக் கண்வழியே கழிக்கிறது என்று நினைக்க வேண்டாம். அதன் உப்புச் சுரப்பிகள் இருப்பது நாக்கில்.

ஆக, பழைய கதையில் பாதி உண்மை. முதலை தின்னும்போது கண்ணீர் வரலாம். அதில் துக்கமும் இல்லை, துக்கம்போல் காட்டும் நடிப்பும் இல்லை.

'முதலைக் கண்ணீர்' என்ற பெயர் மனிதர்கள் சிலர்மேலும் விழுந்தது. முகவாதத்திலிருந்து தேறுகிறவர்களில் சிலருக்கு, சோற்றில் கை வைத்ததும் ஒரு கண் மட்டும் பொலபொலவென்று கொட்டும். 1928இல் ரஷ்ய மருத்துவர் போகோராட் இதை விவரித்தபோது 'முதலைக் கண்ணீர் நோய்க்குறி' என்றே பெயரிட்டார். எச்சில் சுரப்பிக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் போகும் நரம்பிழைகள் முகநரம்பில் ஒன்றாகவே கிளம்புகின்றன. முகவாதத்தில் சிதைந்த இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மறுபடி வளரும்போது, எச்சிலுக்கான சில இழைகள் வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பிறகு, வாய் ஊற வேண்டிய நேரத்தில் கண் ஊறுகிறது. அந்தச் சுரப்பியில் போட்டுலினம் ஊசி போட்டால் சில மாதங்களுக்குக் கசிவு அடங்கும். பந்தியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அவரிடம் எந்தப் பொய்யும் இல்லை. உடல் தன்னைச் செப்பனிட்டபோது நேர்ந்த சிறு பிசகுதான்.

டெஸ்டிமோனா, முதலை, இந்த நோயாளி: மூவர்மீதும் ஒரே பழி. மூன்று இடத்திலும் பார்த்தவர்கள் கண்ணீரைத்தான் எடைபோட்டார்கள். ஆனால், ஏன் வந்தது என்பதைக் கண்ணீர் தானாகச் சொல்வதில்லை.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்கிறது நம் பழமொழி. ஓநாயின் பொய்யை நம் முன்னோர் அதன் கண்ணீரில் தேடவில்லை. அதன் பசியைப் பார்த்தார்கள்.