24 அசைவுத் தாய் சி: காலைப் பயிற்சியாக ஒரு தற்காப்புக் கலை

தாய் சி என்பது சீனாவில் தோன்றிய ஒரு தற்காப்புக் கலை. 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்தின் சென்ஜியாகோ என்னும் சிற்றூரில், சென் குடும்பத்தாரிடம் இது உருப்பெற்றதாகக் கருதப்படுகிறது. இன்று பெரும்பாலோர் இதனைப் பூங்காக்களில் முதியவர்கள் மெல்லக் கையசைக்கும் காலைப் பயிற்சியாகவே அறிவர். சண்டைக்கென இருந்த கலை நடைப்பயிற்சிக்கு அருகில் வந்து சேர்ந்தது தற்செயலாக அன்று.

19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் சென்ஜியாகோவில் இக்கலையைக் கற்றுப் பெய்ஜிங்கில் பயிற்றுவித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) பரப்பிய வடிவம் ஒரே சீரான, மெதுவான அசைவுகளைக் கொண்டது. ஆனால் அது நீளமானது. முழுவதையும் செய்து முடிக்க இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும். கற்கவோ பல மாதங்கள் வேண்டும். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் மரபிலிருந்து 24 அசைவுகளைத் தேர்ந்து, திரும்பத் திரும்ப வருவனவற்றை நீக்கி, எளியவை முன்னும் கடினமானவை பின்னும் வருமாறு ஒரு குறுவடிவத்தை அமைத்தது. இதற்கு ஐந்தாறு நிமிடங்கள் போதும். வேலைக்குப் புறப்படும் முன் ஒருவர் இரண்டு மூன்று முறை செய்துவிடலாம்.

பயிற்சியின் ஒழுங்கு

குளிர்ந்த உடலோடு நேரே அசைவுகளில் இறங்குவது நல்லதன்று. முதலில் பத்து நிமிடம் நடந்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளைத் தளர்த்திய பின் தொடங்குவது வழக்கம். இவ்வடிவம் நின்ற இடத்திலேயே முடிவதில்லை; சில தப்படிகள் இடப்புறம் நகர்ந்து, பின் திரும்பி வரும். ஆகவே சமதளமான, கல்லும் வேரும் இல்லாத இடம் தேவை. ஈரப் புல்தரையைவிட உலர்ந்த மண்தரை சிறந்தது. பாதம் தரையை உணரும்படி தட்டையான, மெல்லிய அடிப்பகுதி உள்ள காலணி ஏற்றது.

கவனம் மிகவும் வேண்டியது முழங்காலில்தான். இக்கலையில் எடை எப்போதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். எடை தாங்கும் காலின் முழங்கால், பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். பாதம் ஒரு பக்கமும் முழங்கால் மறு பக்கமுமாகத் திருகினால் நாளடைவில் வலி வரும். மிகத் தாழ்ந்து நிற்பதே திறமை என்று எண்ணும் இளைஞர்களுக்கு இத்தொல்லை எளிதில் நேர்கிறது. திரும்பும்போது முதலில் எடையைப் பின்காலுக்கு மாற்றி, முன்பாதத்தைக் குதிகாலில் திருப்ப வேண்டும் என்பது தொடக்கத்திலேயே கற்க வேண்டிய பாடம்.

2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், பார்க்கின்சன் நோய் கொண்ட 195 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரம் இருமுறை ஒரு மணி நேரம் வீதம் 24 வாரங்கள் பயின்றனர். தசை வலுவூட்டும் பயிற்சியோ உடல் நீட்சிப் பயிற்சியோ செய்தவர்களைவிடத் தாய் சி பயின்றவர்களுக்கு உடல் சமநிலை கூடுதலாக மேம்பட்டது.

அசைவின் பொருள்

குறுவடிவம் பரவியதில் ஓர் இழப்பும் உண்டு. பலர் கைகளின் அழகை மட்டும் கற்று, அவை எதற்காக என்பதை அறியாமலே செய்கின்றனர். தொடக்கத்தில் வரும் 'காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்' என்ற அசைவைக் காணலாம். ஒரு கை எதிராளியின் கையைப் பற்றிக் கீழிழுக்க, மறு முழங்கை அவர் அக்குளின் கீழ் நுழைய, முன்கால் அவர் காலுக்குப் பின்னே நிற்கும். இடுப்பைத் திருப்பினால் அவர் சாய்வார். இதை அறிந்தவரின் அசைவு இடுப்பிலிருந்து எழும். அறியாதவருடையது தோளோடு நின்றுவிடும். பொருள் தெரிந்து செய்வது சண்டைக்காக மட்டுமன்று, உடற்பயிற்சியாகவும் அதுவே பயன் தரும்.

இப்பொருளை உடலால் உணர்வதற்கான வழி 'தள்ளு கை' எனும் இருவர் பயிற்சி. மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி வைத்து, வலிமையைப் பயன்படுத்தாமல் மற்றவரின் நிலையைக் குலைக்க முயல்வர். நாள்தோறும் தனியாகப் பயில்வோர் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு துணையைத் தேடிக்கொள்வது நன்று. நின்ற நிலை உறுதியானதா என்பதை எதிரில் நிற்பவரின் ஒரு மெல்லிய தள்ளலே காட்டிவிடும்.