பள்ளியும் ஒழுங்கும் – 6: எழும்பூரில் ஒரு கருப்புப் புத்தகம்

திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தையும் பிரம்பையும் விட அக்காலத்துப் பிள்ளைகளை அதிகமாக வாட்டியது, எந்தக் குற்றத்துக்கு என்ன சிட்சை என்பது முன்கூட்டித் தெரியாமல் இருந்த நிலைமையே என்று குறிப்பிட்டிருந்தேன். உபாத்தியாயருடைய முகக்குறிப்பே அங்கே சட்டமாக விளங்கியது. அவருடைய மனம் தெளிந்திருந்த நாளில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அதே செயல், கலங்கியிருந்த நாளில் முதுகுத் தோலை உரிக்கும். இந்த நிச்சயமின்மையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அகற்ற முடியுமா என்ற கேள்விக்கு விடை காணும் பரீட்சை ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், நம்முடைய சென்னைப் பட்டணத்திலேயே நடந்தது.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1753-இல் பிறந்து, 1787-இல் சென்னைக்கு வந்து, பட்டாளத்துப் பாதிரியாராக உத்தியோகம் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்பவர், ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் மேற்பார்வையை, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1789-இல் ஏற்றுக்கொண்டார். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகுவதைக் கண்டு, அந்த வழக்கத்தைத் தம் பள்ளியிலும் நடத்தும்படி அவர் உத்தரவிட்டபோது, கீழ்வகுப்பு உபாத்தியாயர் அது ஆகாத காரியம் என்று கூறிவிடவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்புவித்தார். சிறுவன் செய்து காட்டினான். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ‘சென்னை முறை’ அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குப் போயிற்று. திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளைக் கண்காணித்த மூத்த மாணவனான நம்முடைய சட்டாம்பிள்ளையையும் பெல் பார்த்துத்தான் சென்றார் என்று வாதிப்போர் உண்டு. அந்த வாதத்தில் நான் இப்போது இறங்கவில்லை. சரித்திர ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையைப் பற்றியே விஸ்தாரமாகப் பேசிவிட்டு ஓரிரு வரிகளில் கடந்துபோகும் வேறொரு விஷயமே என் சிந்தையைக் கவர்கிறது.

பெல் தம் பள்ளியில் ‘கருப்புப் புத்தகம்’ என்ற ஒரு பதிவேட்டை வைத்திருந்தார். சோம்பலோ, பாடத்தில் அசட்டையோ, சண்டையோ, எது நிகழ்ந்தாலும் அது அந்தப் புத்தகத்தில் குறித்து வைக்கப்படும். உடனே பிரம்பு எழும்பாது. வாரத்துக்கு ஒரு முறை பள்ளி முழுவதும் வட்டமாக நிற்க, பதிவுகள் ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்கப்படும். செயல் எது, அதனால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்பதை எல்லோர் முன்னிலையிலும் விளக்கிய பிறகு, குற்றம் சாட்டப்பட்டவனுடைய தோழர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேருக்குக் குறையாத ஒரு ஜூரி தன் தீர்ப்பைச் சொல்லும். குற்றத்துக்கும் சிட்சைக்கும் நடுவே சில தினங்கள் கழிந்துவிடுவதால், கோபம் தணிந்த மனத்தோடு விசாரிக்க அவகாசம் கிடைத்தது. தீர்ப்பை எல்லோரும் செவியால் கேட்டபடியால், இன்ன செயல் இந்தப் பள்ளியில் தகாது என்பது அடுத்த வாரத்துக்குள் கடைசிச் சிறுவனுக்கும் விளங்கிப் போயிற்று. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுவது, தண்டனை குறைந்தது என்பதைக் காட்டிலும், தண்டிப்பவர் தம் காரணத்தைச் சபையில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டதேயாகும்.

பெல் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வகுப்பும் அன்றன்று எத்தனை பாடம் படித்தது என்பதற்கும் பதிவு இருந்தது. ஒரு வகுப்பு பின்தங்கினால், பிள்ளைகளுடைய மந்த புத்தியைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள உபாத்தியாயருக்கு வழியில்லாமற் போயிற்று. ஏடே அவருக்கு எதிரில் சாட்சி சொல்லிற்று. பழைய உபாத்தியாயர்கள் பெல்லின் முறைக்கு மனமொப்பாமல் நின்றதற்கு, மணலில் எழுதுவதில் இருந்த அருவருப்பை விட, இப்படிக் கணக்குக் கொடுக்க நேர்ந்ததே மூலகாரணம் என்று நான் ஊகிக்கிறேன்.

இதே கற்பிக்கும் முறையை லண்டனில் ஸதர்க் பகுதியில் 1798-இல் கைக்கொண்ட ஜோசப் லங்காஸ்டர், குவேக்கர் சமயத்தவர் ஆகையால் பிரம்படியை வெறுத்தார். ஆயினும், அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த உபாயங்களோ, கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டுவதும், காலில் தளையிடுவதும், சிறுவனைக் கூடையில் ஏற்றி உத்தரத்திலிருந்து எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடுவதுமாக இருந்தன. அவருடைய பள்ளியிலும் விதிகள் தெளிவாகவே இருந்தன. யார் எங்கே நிற்பது, எப்போது பலகையைத் தூக்கிக் காட்டுவது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தது. இத்தண்டனைகளை 1812-இல் வெளியிட்ட நூலில் கவிஞர் ராபர்ட் சதே கடுமையாகக் கண்டித்தார். தெளிவான விதி மட்டும் இருந்து, அதை நடத்துவோருடைய கைக்கு ஒரு விலங்கு இல்லாவிட்டால், அந்தத் தெளிவே குழந்தையை அவமானப்படுத்துவதற்கு ஓர் ஒழுங்கான கருவியாகிவிடும் என்பதற்கு லங்காஸ்டரின் பள்ளியைவிடப் பிரத்தியட்சமான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

பெல்லின் ஜூரியிலும் அபாயம் உண்டு. சிறுவர் சபை பெரியவர்களை விடக் கொடியதாக மாறக்கூடும். சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்துத் தப்பிய கதைகளை நம் வீட்டுப் பாட்டனார்கள் சொல்லி நாம் கேட்டதில்லையா? அருகில் அமர்ந்து, தீர்ப்பு அளவு மீறும்போது தடுத்து நிறுத்தும் பெரியவர் ஒருவர் இல்லாமல் அத்தகைய சபையைக் கூட்டவே கூடாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையின் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் ஒருங்கே தடை செய்து, மீறுவோர்மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 24-ஆம் பிரிவு, ஆசிரியர் குறித்த நேரத்துக்குத் தவறாமல் வருவதையும், பாடத்தைக் குறித்த காலத்துக்குள் முடிப்பதையும், பெற்றோரைக் கூட்டிப் பேசுவதையும் கடமையாக விதிக்கிறது. 28-ஆம் பிரிவு தனிப் பயிற்சி நடத்துவதை விலக்குகிறது. ஆனால், மாணவன் தலைமுடியை எப்படி வெட்ட வேண்டும், எந்த நிறச் செருப்பு அணிய வேண்டும் என்பது பள்ளி டைரியின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்க, ஆசிரியருக்கு உரிய இந்த மூன்று பிரிவுகளும் பிள்ளைகளோ பெற்றோரோ காணக்கூடிய இடத்தில் எழுதப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை. மாணவருக்கு எழுதியவற்றிலும், ‘ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்’ என்பது போன்ற வாசகங்களே மிகுதி. எட்டு வயதுக் குழந்தை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? மணி அடித்ததும் வரிசையில் வகுப்புக்குப் போக வேண்டும், ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும், அடுத்தவர் பொருளை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்றால் அதற்குப் புரியும். அதே ஏட்டின் எதிர்ப் பக்கத்தில், எந்த ஆசிரியரும் உன்னை அடிக்கமாட்டார், உன் ஜாதியையோ ஏழ்மையையோ சொல்லி ஏசமாட்டார், அப்படி நேர்ந்தால் இன்னாரிடம் போய்ச் சொல் என்பதையும் அச்சிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் கூடியிருக்கும்போது, இரு பக்கங்களையும் தலைமையாசிரியர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரும் பொருட்செலவும் வேண்டாம்.

ஆசிரியர், மாணவர் என்ற பேதமின்றித் தலைக்கு ஒரு வாக்கு என்ற நியதியின்படி, விதிகளைப் பள்ளிச் சபையே இயற்றிக்கொண்ட ஒரு வித்தியாசாலையும் உண்டு. 1921-இல் ஏ. எஸ். நீல் தொடங்கிய அந்த சம்மர்ஹில் பள்ளியின் சபைக்குள் அடுத்த வாரம் நுழைந்து பார்ப்போம்.

(தொடரும்)