`நேர்ல போய்ப் பார்க்க முடியலையே!' - 2021-ல் நம்மைவிட்டுப் போனவர்கள்

மனசுக்குப் பிடித்தவர் இறந்துவிட்டால் வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்தாவது போய் ஒருமுறை முகம் பார்த்துவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். கொரோனா இரண்டாவது அலை அதையும் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் காலையில் மொபைலை எடுக்கவே பயந்தோம், நினைவிருக்கிறதா?

அந்த ஆண்டின் முதல் பெரிய இழப்பு ஜனவரி 19-ல். டாக்டர் வி.சாந்தா, 93 வயது. முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1955-ல் சேர்ந்தவர், கடைசிவரை அங்கிருந்து நகரவே இல்லை. வசித்ததும் அந்த வளாகத்திலேயேதான். பணம் இல்லை என்பதற்காக ஒருவருக்கு சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மகசேசே விருதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 17, விடியற்காலை. நடிகர் விவேக் இறந்த செய்தியை முதலில் வதந்தி என்றுதான் நினைத்தேன். முந்தைய நாள் மாரடைப்பில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். வயது 59 தான். அப்துல் கலாம் சொன்னதை ஏற்று ஒரு கோடி மரக்கன்றுகள் நட இறங்கியவர். 33 லட்சத்தைத் தாண்டியிருந்தார். அன்றைக்கே பல ஊர்களில் ரசிகர்கள் கையில் கன்றோடு கிளம்பிவிட்டார்கள். பேனரும் பாலாபிஷேகமும் பழகிய ஊரில் இப்படி ஓர் அஞ்சலி! அவர் குடியிருந்த விருகம்பாக்கம் தெருவுக்கு இப்போது `சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று பெயர்.

அதே மாதம் 30-ம் தேதி கே.வி.ஆனந்த். பத்திரிகைப் புகைப்படக்காரராகத் தொடங்கி, ஒளிப்பதிவாளரான முதல் படத்திலேயே தேசிய விருது வாங்கியவர். `அயன்', `கோ' இயக்குநர். 54 வயதில் மாரடைப்பு. கொரோனா தொற்றும் இருந்ததால், ஊர் கூடி வழியனுப்ப வழியில்லாமல் போனது.

மே 4-ல் டிராஃபிக் ராமசாமி. பாரிமுனையில் தானாகவே நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியதால் வந்த அடைமொழி அது. அனுமதியில்லாத பேனர்களுக்கு எதிராகப் பல வருடம் கோர்ட் படி ஏறினார். அவரைக் கிண்டல் செய்தவர்களே அதிகம். நடைபாதையை மறித்து ஒரு கட்அவுட் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

பிறகு, மே 17. முழு ஊரடங்கு நேரம். புதுச்சேரியில் கி.ராஜநாராயணன் காலமானார். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத அந்தக் கரிசல்காட்டு விவசாயி, புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். `கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. `பட்டிக்காட்டுப் பேச்சு' என்று ஒதுக்கப்பட்ட சொற்களைத் தேடித்தேடிச் சேர்த்துவைத்தார். நம் பாட்டி பேசிய சொற்களுக்கும் ஓர் அகராதியில் இடம் உண்டு என்று காட்டியது அது.

உடலை சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். சாதாரண நாளாக இருந்திருந்தால் எத்தனை வாசகர்கள் அங்கே திரண்டிருப்பார்கள்! கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் எழுந்திருக்கிறது. அங்கிருந்து திருநெல்வேலி போகும் வழியில்தான் இடைசெவல். கு.அழகிரிசாமிக்கும் அதே ஊர்தான். 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் பிறந்த சிநேகிதர்கள் இருவரும். அந்தப் பக்கம் போனால் ஒரு ஸ்டாப்பில் இறங்கிப் பாருங்கள். அன்று போக முடியாதவர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.