மூச்சு முட்டாத மூச்சுத்திணறல்

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளம் போன சுற்றுலாக் குழு ஒன்று தாமன் என்ற மலையூரில் இரவு தங்கியது. கடுங்குளிர். கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவு சன்னலை அடைத்து ஒரே அறையில் படுத்த எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். அவர்களில் நால்வர் சிறுவர்கள்.

மூச்சு முட்டியிருந்தால் ஒருவராவது விழித்துக் கதவைத் திறந்திருக்க மாட்டாரா? முட்டவில்லை. கார்பன் மோனாக்சைடின் சாமர்த்தியமே அதுதான்.

தண்ணீருக்குள் மூச்சை அடக்கினால் நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் கிளப்புவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. போதாததற்குக் கழுத்து நாடியருகே ஒரு சிறு உறுப்பு, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கண்காணிக்கிறது. கார்பன் மோனாக்சைடு இந்த இரண்டையும் தொடுவதில்லை. அது கைவைப்பது ஹீமோகுளோபின் சுமந்துபோகும் ஆக்சிஜனில். அந்தச் சுமையை அளக்க உடம்பில் காவல்காரன் இல்லை.

கணக்கு எளிது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கார்பன் மோனாக்சைடு வெறும் 0.1 சதவீதம் இருந்தாலும், நேரம் கிடைத்தால் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய பாதி அதன் வசமாகிவிடும். ரத்தசோகையால் பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் சோர்ந்தபடியாவது நடமாடுவார். இங்கே அப்படி முடியாது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் இறுக்கிக்கொண்டு, திசுக்களுக்கு எளிதில் விடாது.

கருவியும் ஏமாறும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணிக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பு. ஆள் மயங்கிக் கிடக்கையில் அது 98 என்று காட்டக்கூடும்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் 1890களில் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் தடுமாற்றங்களைக் குறித்துவைத்தார். சுரங்க வெடிவிபத்துகளில் பலரைக் கொன்றது வெடிப்பல்ல, பின்னால் பரவிய இந்த வாயு என்று காட்டியவர் அவர். மனிதனுக்கு முன்பே மயங்கும் கேனரிக் குருவியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னதும் அவரே. பிரிட்டனில் 1986இல்தான் மின்னணுக் கருவிகள் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தன.

நம் வீட்டில் இந்த வாயு எங்கே பிறக்கிறது? கரி அடுப்பைக் கூர்ந்து பாருங்கள். கங்குகள்மேல் நீலமாக ஒரு சுடர் ஆடும். எரிந்துகொண்டிருப்பது கார்பன் மோனாக்சைடுதான். சுடர் அடங்கிக் கங்கு மட்டும் கனியும்போது அது எரியாமலே அறைக்குள் வருகிறது. புகையில்லை என்று நம்பி, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துவைப்பது அந்த நேரத்தில்தான். மழைநாளில் வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டரும் இதே ரகம்.

இவற்றைவிட எனக்குப் பயம் குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசர். சின்ன அறை, மூடிய கதவு. பர்னர் ஆக்சிஜனைத் தின்னத் தின்ன எரிதல் அரைகுறையாகி, சில நிமிடங்களில் வாயு பெருகிவிடும். சிலிண்டர் கசிந்தால் நாற்றமடிக்கும். அதற்காகவே மணம் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அந்த வசதியில்லை. கீசர் வெளியே இருக்கவேண்டும், அதன் புகைக்குழாயும் வெளியே திறக்கவேண்டும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், ஆனால் காய்ச்சல் இல்லை; வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில்; வெளியே வந்தால் தேவலை. அப்படியென்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் எல்லோரும் வெளியேறி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் அடுப்பு, கீசர் பற்றிச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும்; முகமூடியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணிக்கு அதை இன்னும் நெடுநேரம் கொடுப்பார்கள். தாயின் ரத்தம் தெளிந்த பிறகும் கருவின் ரத்தம் அந்த வாயுவை எளிதில் விடுவதில்லை.