நாட்பட்ட வலித் தடுப்புக்கான மருத்துவ ஆய்வு வடிவமைப்பு

நாட்பட்ட வலித் தடுப்பு ஆய்வு என்பது, வலி நிலைபெறுவதற்கு முன்பே ஒரு மருந்தையோ தடுப்பூசியையோ வேறு மருத்துவ முறையையோ வழங்கி, அதனால் பிற்காலத்தில் நாட்பட்ட வலி ஏற்படுவது குறைகின்றதா என்பதைக் கண்டறியும் மருத்துவ ஆய்வு ஆகும். பொதுவாக மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது அக்கால அளவைக் கடந்தும் மீண்டும் மீண்டும் வரும் வலி நாட்பட்ட வலி எனப்படுகின்றது.

இவ்வகை ஆய்வு, ஏற்கனவே உள்ள வலியைத் தணிக்கும் மருந்துகளை ஆராயும் ஆய்வுகளிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. தணிப்பு ஆய்வில் பங்கேற்போர் அனைவருக்கும் வலி உண்டு. தடுப்பு ஆய்வில் பங்கேற்போரில் பெரும்பாலோருக்கு, எந்தச் சிகிச்சையும் அளிக்காவிட்டாலும், நாட்பட்ட வலி வரப்போவதில்லை. எவருக்கு வரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூறவும் இயலாது. பங்கேற்பாளரின் எண்ணிக்கை, கண்காணிப்புக் காலம், பக்கவிளைவுகளை எடைபோடும் முறை ஆகிய அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டினால் மாறுகின்றன.

பின்னணி

வலியைத் தூண்டும் நிகழ்வு எப்போது ஏற்படும் என்று தெரிந்திருந்தால்தான் தடுப்பு முறையை அதற்கு முன்போ உடனடியாகப் பின்போ வழங்க முடியும். ஆகவே அறுவை சிகிச்சை இவ்வாய்வுகளுக்கு மிகவும் ஏற்ற களமாக உள்ளது. எலும்பு முறிவு, அக்கி, கடுமையான முதுகுவலியின் தொடக்க நிலை ஆகியவையும் ஆராயப்பட்டுள்ளன.

அறுவை சிகிச்சைக்குப் பின் வலி நிலைபெறுவது அரிதன்று. 2006 ஆம் ஆண்டில் கெலெட், யென்சன், வூல்ஃப் ஆகியோர் வெளியிட்ட மீளாய்வின்படி, நாட்பட்ட வலி ஏற்படுவோரின் விழுக்காடு வருமாறு:

- கை, கால் நீக்கம்: 30 முதல் 50 வரை
- மார்புக்கூட்டைத் திறக்கும் அறுவை: 30 முதல் 40 வரை
- மார்பக அறுவை: 20 முதல் 30 வரை
- கவட்டைக் குடலிறக்க அறுவை: ஏறத்தாழ 10
- அறுவைவழி மகப்பேறு: ஏறத்தாழ 10

வாழ்க்கையை முடக்கும் அளவு கடுமையான வலி இவற்றைவிடக் குறைந்த விழுக்காட்டினருக்கே ஏற்படுகின்றது. எனினும் உலகில் நடைபெறும் அறுவைகளின் எண்ணிக்கையை நோக்க, அதுவும் பெருந்தொகையே ஆகும்.

வரலாறு

அறுவையின்போது நோயாளி மயக்கத்தில் இருந்தாலும், காயத்திலிருந்து எழும் நரம்புத் தூண்டல்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சென்றடைகின்றன. ஆகவே மயக்கத்துடன் நரம்புகளையும் மரத்துப்போகச் செய்ய வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்தார். 1983 ஆம் ஆண்டில் கிளிஃபர்ட் வூல்ஃப், காயத்தின் பின் தண்டுவட நரம்பணுக்களே மிகையாகத் தூண்டப்படும் நிலையை அடைவதை விலங்குகளில் காட்டினார். இது நடுவண் கூருணர்வாக்கம் எனப்படுகின்றது. இதனைத் தொடக்கத்திலேயே தடுத்தால் பிற்கால வலியையும் தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பாட்ரிக் வால் 1988 ஆம் ஆண்டில் எழுதிய ஆசிரியவுரை இக்கருத்தைப் பரவலாக்கியது.

அதே ஆண்டில் பாக் முதலியோர் கால் நீக்கப்படவிருந்த 25 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். அறுவைக்கு முன் மூன்று நாட்கள் எபிடியூரல் வழியே உணர்விழப்பு மருந்து பெற்ற 11 பேரில், ஆறு மாதங்களுக்குப் பின் எவருக்கும் மாய உறுப்பு வலி இல்லை. ஒப்பீட்டுக் குழுவில் ஐவருக்கு அவ்வலி இருந்தது. இம்முடிவு பெரும் நம்பிக்கையை அளித்தது.

1997 ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலைசன் முதலியோர் 60 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, மருந்துப்போலியுடன் ஒப்பிட்டு இதனை மீண்டும் ஆராய்ந்தனர். ஓராண்டுக்குப் பின் மாய உறுப்பு வலி எபிடியூரல் குழுவில் 75 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 69 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அறுவைக்கு முன் தொடங்கிய மருந்தினால் பயன் காணப்படவில்லை.

வடிவமைப்பின் கூறுகள்

வலி ஆய்வு முறைகளை வகுக்கும் இம்பேக்ட் என்னும் குழு, நாட்பட்ட வலித் தடுப்பு ஆய்வுகளுக்கான பரிந்துரைகளை 2015 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்வாய்வுகளை வடிவமைப்போர் பின்வரும் கூறுகளைக் கருத்தில் கொள்கின்றனர்.

பங்கேற்பாளர் தேர்வு

அறுவைக்கு முன்பே வலி இருத்தல், அறுவையை அடுத்த நாட்களில் கடும் வலி, நரம்புகள் சேதமடையும் வகை அறுவை, மனப்பதற்றம், வலி குறித்த மிகையான அச்சம் ஆகியவை நாட்பட்ட வலிக்கான இடர்க் காரணிகள் ஆகும். இடர் மிகுந்தோரை மட்டும் சேர்த்தால் சிறிய ஆய்வே போதுமானது. ஆனால் அதன் முடிவு ஏனையோருக்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. மேலும், அறுவைக்கு முன்பே அதே இடத்தில் வலி இருந்தால், பின்னர் காணப்படும் வலி புதியதா பழையதா என்று பிரித்தறிவது கடினம். ஆதலால் ஒவ்வொருவரின் முந்தைய வலியும் தொடக்கத்திலேயே அளந்து பதிவு செய்யப்பட வேண்டும்.

நேரமும் கால அளவும்

தொடக்ககால ஆய்வுகள், ஒரே மருந்தைக் கீறலுக்கு முன் கொடுப்பதையும் பின் கொடுப்பதையும் ஒப்பிட்டன. 2002 ஆம் ஆண்டில் வெளியான முறையான மீளாய்வு ஒன்று, அறுவையை அடுத்த வலியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. காயத்திலிருந்து எழும் தூண்டல் அறுவையுடன் முடிவதில்லை. அழற்சி பல நாட்களுக்கு நீடிக்கின்றது. எனவே அறுவைக்கு முன்னும், அறுவையின்போதும், பின்னும் தொடர்ந்து மருந்து அளிக்கும் முறைக்குக் கவனம் திரும்பியது.

மருந்து உடலில் இருக்கும்போது வலி குறைவது தணிப்பே அன்றித் தடுப்பு ஆகாது. மருந்தின் தாக்கம் முற்றிலும் நீங்கிய பின்னரும் பயன் நீடிக்க வேண்டும். மருந்தின் அரை ஆயுட்காலத்தைப் போல் 5.5 மடங்கு காலம் கடந்த பின் அளவிடுவது இதற்கு ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளது.

ஒப்பீடும் மறைப்பும்

அறுவை செய்துகொண்டவரை வலி மருந்தின்றி விடுவது அறமன்று. ஆகவே ஒப்பீட்டுக் குழுவினருக்கும் வழக்கமான வலி மருந்துகள் வழங்கப்படுகின்றன. இதனால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்குகின்றது. கெட்டமின் போன்ற மருந்துகள் தெளிவாக உணரக்கூடிய பக்கவிளைவுகளைத் தருவதால், எக்குழுவில் உள்ளோம் என்பதைப் பங்கேற்பாளர் ஊகித்துவிடக்கூடும்.

மருந்தல்லாத முறைகளுக்கும் மருந்துப்போலிக்கு நிகரான ஓர் ஒப்பீடு தேவை. ஆஸ்திரேலியாவில் கடும் முதுகுவலி கொண்ட 202 பேரிடம் நடந்து 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு வலியைப் பற்றிய விரிவான விளக்கக் கல்வி அளிக்கப்பட்டது. மறு குழுவுடன் அதே அளவு நேரம் பரிவுடன் உரையாடப்பட்டது. அறிவுரை எதுவும் கூறப்படவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் வலியின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை.

விளைவு அளவீடு

எதனை நாட்பட்ட வலியாகக் கணக்கிடுவது என்பதை ஆய்வு தொடங்குமுன் வரையறுத்தல் வேண்டும். 1999 ஆம் ஆண்டில் மக்ரே, டேவீஸ் ஆகியோர் முன்வைத்த வரையறை, அறுவைக்குப் பின் இரண்டு மாதங்கள் நீடிக்கும் வலியைக் குறித்தது. 2022 ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பு மூன்று மாதங்களை எல்லையாகக் கொள்கின்றது. அதன்படி, வலி அறுவைக்குப் பின் தோன்றியதாகவோ முன்பைவிட மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். தொற்று, புற்றுநோய் மீள்வு போன்ற பிற காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யப்படவும் வேண்டும்.

"வலி உண்டா, இல்லையா" என்று மட்டும் வினவினால், சிறு கூச்சம் உடையவரும் உறக்கம் இழந்து துன்புறுபவரும் ஒரே பட்டியலில் சேர்ந்துவிடுவர். எனவே வலியின் கடுமை 0 முதல் 10 வரையான அளவுகோலில் பதியப்படுவதுடன், அன்றாடப் பணி, உறக்கம், மனநிலை ஆகியவற்றில் அதன் தாக்கமும் அளக்கப்படுகின்றது.

பங்கேற்பாளர் எண்ணிக்கை

நிகழ்வு அரிதாக ஆக, தேவைப்படும் எண்ணிக்கை விரைந்து உயர்கின்றது. ஒரு சிகிச்சை நாட்பட்ட வலியைப் பாதியாகக் குறைப்பதாகக் கொள்வோம். அதனை 80 விழுக்காடு புள்ளியியல் திறனுடனும் 5 விழுக்காடு பொருண்மை மட்டத்திலும் கண்டறிய, ஒவ்வொரு குழுவிலும் தேவைப்படுவோர்:

- 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைதல்: ஏறத்தாழ 121 பேர்
- 10 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைதல்: ஏறத்தாழ 435 பேர்
- 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைதல்: ஏறத்தாழ 1,141 பேர்

உண்மையில் பெரும்பாலான சிகிச்சைகளிடமிருந்து வலியைப் பாதியாக்கும் அளவு பயனை எதிர்பார்க்க இயலாது என்பதால், தேவை இதனினும் மிகும்.

இடைவிலகல்

நீண்ட கண்காணிப்பின்போது பலர் விலகுகின்றனர். முதியோரிடையே பலர் இறக்கின்றனர். மேற்கூறிய டென்மார்க் ஆய்வின் 60 பேரில், ஓராண்டு முடிவுக் கணக்கில் இடம்பெற்றோர் 28 பேரே. வலி நீங்கியவர் மீண்டும் மருத்துவமனைக்கு வர ஆர்வம் காட்டாமல் இருக்கலாம். வலி மிகுந்தவர் வேறிடம் நாடிச் செல்லலாம். ஆதலால் விலகியோரை விட்டுவிட்டு எஞ்சியோரை மட்டும் கணக்கிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

எடுத்துக்காட்டு: அக்கித் தடுப்பு ஆய்வு

சின்னம்மைக்குக் காரணமான தீநுண்மம் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படுகின்றது. கொப்புளங்கள் ஆறிய பின்னரும் சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கின்றது. இதனைத் தடுக்க, ஐக்கிய அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 38,546 பேரிடம் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. முடிவுகள் 2005 ஆம் ஆண்டில் வெளியாயின. கொப்புளம் தோன்றி 90 நாட்கள் கடந்தும் 10 க்கு 3 அல்லது அதற்கு மேற்பட்ட வலி இருப்பதே அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என வரையறுக்கப்பட்டது.

தடுப்பூசிக் குழுவில் 315 பேருக்கும் மருந்துப்போலிக் குழுவில் 642 பேருக்கும் அக்கி ஏற்பட்டது. நரம்பு வலி முறையே 27 பேருக்கும் 80 பேருக்கும் ஏற்பட்டது. அதாவது நரம்பு வலி 66.5 விழுக்காடு குறைந்தது. முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்துக் கிடைத்த நிகழ்வுகள் 107 மட்டுமே என்பது தடுப்பு ஆய்வுகளின் இயல்பை விளக்கும்.

இம்முடிவு, குழுவில் சேர்க்கப்பட்ட அனைவரையும் அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. அக்கி வந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், நரம்பு வலி கண்டோர் தடுப்பூசிக் குழுவில் 8.6 விழுக்காடும் மருந்துப்போலிக் குழுவில் 12.5 விழுக்காடும் ஆவர். இவ்வொப்பீட்டில் பயன் சிறிதாகத் தோன்றுகின்றது. தடுப்பூசி பெற்றும் அக்கி வந்தவர்கள் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களாக இருக்கக்கூடும். எனவே இரு பிரிவினரும் ஒப்பிடத் தகுந்தவர் அல்லர். சமவாய்ப்பு ஒதுக்கீடு அளிக்கும் பாதுகாப்பு இத்தகைய ஒப்பீட்டில் இழக்கப்படுகின்றது.

சோஸ்டாவாக்ஸ் என்ற பெயரில் 2006 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இத்தடுப்பூசியின் விற்பனை, ஐக்கிய அமெரிக்காவில் 2020 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அங்கு 2017 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற ஷிங்ரிக்ஸ் என்னும் மேலும் திறன்மிக்க தடுப்பூசி அதன் இடத்தைப் பெற்றது.

முரண்பட்ட முடிவுகள்

சிறு ஆய்வுகளின் நற்செய்தியைப் பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தாமல் போவது இத்துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. மணிக்கட்டு முறிவின் பின் நாள்தோறும் 500 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உட்கொண்டால், சிக்கலான வட்டார வலிக் கூட்டறிகுறி 22 இலிருந்து 7 விழுக்காடாகக் குறைவதாக 1999 ஆம் ஆண்டின் நெதர்லாந்து ஆய்வு தெரிவித்தது. 336 பேரிடம் நடந்து 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை.

மார்பகப் புற்றுநோய் அறுவையில், நரம்புகளை மரக்கச் செய்யும் வட்டார உணர்விழப்பு முறை நாட்பட்ட வலியைக் குறைப்பதாகச் சிறு ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. 2019 ஆம் ஆண்டில் வெளியான, 2,108 பெண்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில், ஆறு மாதங்களில் இரு குழுக்களிலும் 52 விழுக்காட்டினருக்கு அறுவை இடத்தில் வலி இருந்தது. அவ்வாய்வின் முதன்மை நோக்கம் புற்றுநோய் மீள்வைக் கண்டறிவதே என்பதும் குறிப்பிடத்தக்கது.

நேர்மையின்மையும் இத்துறையைப் பாதித்துள்ளது. அறுவைக்கு முன் வலி மருந்து அளிப்பதை ஆதரித்து எழுதிவந்த அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபனின் 21 கட்டுரைகளில் தரவுகள் புனையப்பட்டிருந்தமை 2009 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆய்வைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிவதும், முதன்மை அளவீட்டை முன்கூட்டியே அறிவிப்பதும், பல மையங்களில் ஆய்வதும் இத்தகைய பிழைகளைக் குறைக்கும் வழிகள் ஆகும்.

அறநெறி

ஒப்பீட்டுக் குழுவில் பத்தில் ஒருவருக்கு வலி வரும் நிலையில், தடுப்பு மருந்து பெறும் பத்துப் பேரில் ஒன்பது பேர் தமக்கு வந்திராத நோய்க்காக மருந்து உட்கொள்கின்றனர். அவர்களுக்குப் பக்கவிளைவு மட்டுமே எஞ்சக்கூடும். காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை நுரையீரல் நோயாளர், முதியோர், ஓபியாய்டு மருந்து உட்கொள்வோர் ஆகியோரிடம் மூச்சை ஒடுக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2019 ஆம் ஆண்டில் எச்சரித்தது. எனவே தீங்குகளைப் பயனுக்கு இணையான கவனத்துடன் அளப்பதும், வலி வருவதற்கான வாய்ப்பைப் பங்கேற்பாளருக்கு எண்களில் விளக்கி ஒப்புதல் பெறுவதும் வடிவமைப்பின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- நாட்பட்ட வலி
- மாய உறுப்பு வலி
- அக்கி
- மருந்துப்போலி
- சமவாய்ப்பு ஒதுக்கீடு