அம்மாவிடமே கேளுங்கள், டாக்டர்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பேருந்துகளில் மாட்டுத்தாவணி வந்து இறங்கும் முதியவர்கள் பலரின் மஞ்சள் பையில் பழைய சீட்டும் எக்ஸ்ரே கவரும் இருக்கும். அங்கிருந்து டவுன் பஸ் ஏறிக் கோரிப்பாளையம் போவார்கள். மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.

டாக்டரிடம் அவர்கள் சொல்வது: தலை கிறுகிறுப்பு, நெஞ்சுப் படபடப்பு, கைகால் குடைச்சல், "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல சாமி." அத்தனையும் உண்மையான தொந்தரவுகள்தான். ஆனால், முதுமையில் மனச்சோர்வும் பெரும்பாலும் இப்படித்தான் உடம்பு வழியே வெளிப்படும். அழுகை குறைவாக இருக்கும். பசி போகும், எடை குறையும், பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராது. "வயசாயிருச்சுல்ல" என்று வீடு அதைக் கடந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

2017-18-ல் நாடு முழுவதும் நடந்த முதுமை ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. மருத்துவர் அதைக் கண்டறிந்ததாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதம்தான்.

சர்க்கரை, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை மனச்சோர்வைக் கூட்டும். மனம் சோர்ந்தவர் மாத்திரையை விட்டுவிட, சர்க்கரை இன்னும் ஏறும். தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், ரத்தத்தில் உப்பு இறங்கினாலும் மனச்சோர்வின் இதே அறிகுறிகள் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிய அது போதும். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

அன்றாடக் கவலைகள் தனி. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தால் மகனுக்கு ஒருநாள் கூலி போய்விடும். ரேஷன் கடையில் தேய்ந்த விரலின் ரேகை பதியாது. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுப்பது? இவற்றுக்கு மாத்திரை கிடையாது. உட்கார்ந்து கேட்டு, செய்துகொடுக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

மருத்துவர் அறையில் "என்ன பண்ணுது?" என்ற கேள்விக்கு மகன் பதில் சொல்கிறார். மகன் எதிரிலேயே மருமகள் பற்றியோ கடன் பற்றியோ தாய் எப்படிப் பேசுவார்? அவரிடமே கேட்க வழி இருக்கிறது: ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் 1986 முதல் இருக்கிறது. செவிலியரே சில நிமிடங்களில் கேட்டுவிடலாம். 2021 முதல் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்களும் தூக்கம், மனநிலை பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம். அரசு இதைச் செய்ய வேண்டும்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று பெரியவர் சொன்னால் அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் மனநல உதவிக்கான 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, மகனோ மகளோ, இரண்டு நிமிடம் அறைக்கு வெளியே நில்லுங்கள்.