எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்

தில்லியில் மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு துளியும் விழாது. சிறிது நேரம் வெயிலில் வைத்தால் அதே எண்ணெய் நீராய் ஓடும். எள்ளின் நெய்யே எண்ணெய். இன்று நிலத்தடியிலிருந்து எடுப்பதற்கும் அப்பெயரே வழங்குகிறது. எதுவாயினும் குளிரில் தடிப்பதும் வெப்பத்தில் இளகுவதும் அதன் இயல்பு. காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் இந்த இயல்பினால் விளைவதே.

எஞ்சினுக்குள் சுழலும் உலோக உறுப்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி எண்ணெய் மெல்லிய படலமாக இடையே நிற்கிறது. வெப்பத்தையும் அழுக்கையும் ஏந்திச் செல்கிறது. இரவில் வண்டி நிற்கும்போது அது அடியிலுள்ள தொட்டியில் வடிந்து கிடக்கும். காலையில் எஞ்சினை இயக்கியதும் விரைந்து மேலேற வேண்டும். அதற்குள் கழியும் சில நொடிகளில் தேய்மானம் மிகுதி. ஆகவே எண்ணெய் குளிரில் மிகவும் தடித்துவிடக் கூடாது. எஞ்சின் சூடேறிய பின் மிகவும் நீர்த்துவிடவும் கூடாது. நீர்த்தால் படலம் அறுந்துபோகும்.

இவ்விரு தேவைகளையும் காட்டுவதே எண்ணெய்க் கலத்தின் மேல் காணப்படும் ‘5டபிள்யூ-30’ போன்ற குறியீடு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் பாயும். பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயின் தடிப்பைக் காட்டும். எண் கூடினால் தடிப்பும் கூடும். முன்னாளில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என எண்ணெயை மாற்றினர். இன்று, குளிரில் சுருண்டும் வெப்பத்தில் விரிந்தும் நிற்கும் நீண்ட மூலக்கூறுகளைக் கலப்பதால் ஒரே எண்ணெய் இரு பருவத்திற்கும் போதும். விடுமுறையில் தில்லியிலிருந்து சென்னைக்குக் காரிலேயே செல்வோரும் ஊருக்காக எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை.

‘தடித்த எண்ணெயே எஞ்சினைக் காக்கும்’ என்று பெரியவர்கள் சிலர் கூறுவர். பழைய வண்டிகளைப் பொறுத்தவரை அதற்கு ஓரளவு இடமுண்டு. இக்கால எஞ்சின்களிலோ உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. தேவைக்கு மேல் தடித்த எண்ணெய் அங்கே தாமதமாகவே நுழையும். அதைத் தள்ளுவதில் எரிபொருளும் வீணாகும். விலையையும் விளம்பரத்தையும் பார்ப்பதைவிடக் காருடன் வந்த கையேட்டைப் புரட்டுவதே நன்று. எந்தக் குறியீடு, எந்தத் தரம், எத்தனை லிட்டர் என்பவற்றை எஞ்சினைச் செய்தவர்களே அதில் எழுதியிருக்கின்றனர். பழுதுபார்க்கும் இடத்தில் பீப்பாயிலிருந்து எதை ஊற்றுகிறார்கள் என்று கேட்கவும் தயங்க வேண்டா.

வீட்டில் மோட்டார் சைக்கிளும் இருந்தால், மீந்த கார் எண்ணெயை அதில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச்சும் எஞ்சினின் எண்ணெயிலேயே நனைந்திருக்கும். கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் அந்தக் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அப்போது எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் வண்டி அதற்கேற்ப விரையாது.